மேக்னஸ் கார்ல்சன், பேரும் ஊரும்

கேள்வி: 'கார்ல்சன்' என்றால் கார்லின் மகன் என்கிறார்கள். அப்படியானால் செஸ் சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனின் அப்பா பெயர் கார்லா? 'மேக்னஸ்' என்றால் என்ன? பிறக்கப்போகும் பேரனுக்கு வைக்கலாமா? (ஈரோட்டு வாசகர் ஒருவர்)

பதில்: இல்லை, அப்பா பெயர் ஹென்ரிக், அவரும் கார்ல்சன்தான். நார்வேயிலும் முன்பு நம்மூர் மாதிரி அப்பா பெயர்தான் பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டு வரும். அப்புறம் 1923இல் ஒரு சட்டம் போட்டு, குடும்பத்துக்கு ஒரே பெயர் என்று ஆக்கிவிட்டார்கள். 2013இல் சென்னையில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பை எடுத்துக்கொண்டால், நிஜமாகவே அப்பா பெயரோடு உட்கார்ந்திருந்தவர் நம்ம ஆனந்த்தான். வெளிநாட்டுக்காரர்கள் அவரை 'விஷி' என்று கூப்பிடுவது, அவர் அப்பா விஸ்வநாதனைக் கூப்பிடுகிற மாதிரிதான்!

மேக்னஸ் லத்தீன் சொல், 'பெரிய' என்று பொருள். அது நார்வேக்குப் போன கதைதான் சுவாரஸ்யம். சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மன்னர் ஓலாவுக்கு நடுராத்திரியில் ஒரு மகன் பிறக்கிறான், பிழைப்பானா என்றே தெரியவில்லை, உடனே ஞானஸ்நானம் கொடுத்தாக வேண்டும், ஆனால் தூங்குகிற ராஜாவை எழுப்ப யாருக்கும் தைரியமில்லை. அரசவைக் கவிஞர் சிக்வாத் தானே 'மேக்னஸ்' என்று வைத்துவிட்டார். காலையில் ராஜா, 'நம் வம்சத்தில் இல்லாத பேராச்சே' என்று எகிற, 'உலகத்திலேயே சிறந்த மனிதரான மன்னர் கார்ல் மேக்னஸின் பேர்தான்' என்று கவிஞர் சமாளித்ததாகப் பழைய கதைநூல் சொல்கிறது. அவர் சொன்னது 800இல் ரோமில் முடிசூடிய பேரரசர் சார்லமேனை. அவருடைய சொந்தப் பேர் கார்ல், மேக்னஸ் வெறும் பட்டம்! ஆக, நம்ம செஸ்காரரின் பேரில் முன்பாதி, பின்பாதி இரண்டுமே அந்த ஒரே ஆளிடம் போய் நிற்கின்றன.

அந்தக் குழந்தை பிழைத்து ராஜாவானது. பின்னால் நார்வேயில் இன்னும் பல மேக்னஸ்கள் ஆண்டார்கள். ஆறாம் மேக்னஸ் 1274இல் நாடு முழுக்க ஒரே சட்டம் கொண்டுவந்தவர்.

கார்ல்சன்களில் எனக்குப் பிடித்தவர் டென்மார்க்கில் பிறந்த கேப்டன் கர்ட் கார்ல்சன். 1951 கடைசியில் அட்லாண்டிக் புயலில் அவருடைய 'ஃப்ளையிங் என்டர்பிரைஸ்' கப்பல் சாய்ந்துபோக, மற்றவர்களை அனுப்பிவிட்டு, 1952 ஜனவரி 10இல் அது மூழ்கப்போகிற நேரம்வரை விடாமல் அதிலேயே இருந்தார்.

பேரனுக்குத் தாராளமாக வையுங்கள். கார்ல்சன் மட்டும் வேண்டாம், இனிஷியலுக்குத்தான் உங்கள் மகனோ மருமகனோ இருக்கிறாரே.