முள் தடத்துக்குக் காற்றில்லா டயர் சரிவருமா?

கேள்வி: காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே எங்கள் ஊர். ஸ்பின்னிங் மில் 7 கிலோமீட்டர்; தினமும் சைக்கிளில்தான் போய் வருகிறேன். பாதி வழி கொறங்காட்டு (வேலி போட்ட மேய்ச்சல் காடு) ஓரத்து மண் தடம். அடிக்கடி பஞ்சர். காற்றே வேண்டாத டயர் போட்டுவிடலாமா?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு அது வேண்டாம்.

காற்றில்லா டயர் கட்டி ரப்பரிலோ, தேன்கூடு போல ஓட்டை விட்ட ரப்பரிலோ, பாலியூரித்தேன் நுரையிலோ வரும். முள் ஏறினாலும் கவலையில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த ரப்பர் அமுங்கி எழும் ஒவ்வொரு முறையும் உங்கள் மிதியில் ஒரு பங்கு சூடாகி வீணாகிறது. குழியில் விழும் அடியும் ரிம், ஸ்போக்ஸ் கம்பி, உங்கள் இடுப்பு என்று நேராக ஏறும். 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் காற்று டயரைச் செய்ததே, கட்டி ரப்பர் சக்கரத்தின் குலுக்கலைத் தாங்காத தன் மகனுக்காகத்தான்.

அளவிலும் சிக்கல் உண்டு. பழைய 28 அங்குல வண்டி என்றால் டயரின் பக்கத்தில் 40-635 என்று போட்டிருக்கும்; 40 டயரின் அகலம், 635 ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 622 ரிம்முக்கான டயரையும் சிலர் 28 என்றே விற்கிறார்கள். அது உங்கள் ரிம்மில் ஏறாது. சக்கர நாற்காலிக்கும் குழந்தைகளின் சின்ன வண்டிக்கும் காற்றில்லா டயரைத் தாராளமாகப் போடலாம்.

உங்கள் எதிரி முள். வெள்வேல முள்ளும், வேலி வெட்டும்போது சிதறும் கிளுவைக் குச்சியும் கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிப் போகலாம். நெருஞ்சி அப்படியில்லை, எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே நிற்கும். அந்தச் சின்ன ஓட்டைகளுக்குப் பஞ்சர் அடைக்கும் திரவம் நன்றாக வேலை செய்யும். வால்டியூப் (சின்ன ரப்பர் குழாய்) போட்ட வால்வைக் கழற்றிவிட்டு, டியூபுக்குள் சுமார் 120 மில்லி ஊற்றி, காற்றடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். அப்புறம் காற்றடிக்கும்போதெல்லாம் வால்வு மேலே இருக்கட்டும், இல்லையென்றால் திரவம் வந்து அடைத்துக்கொள்ளும். டயரின் பக்கவாட்டுக் கிழிசலை இது அடைக்காது.

டயருக்கும் டியூபுக்கும் நடுவே பஞ்சர் தடுப்புப் பட்டை ஒன்றும் போடுங்கள். பழைய டயரை வெட்டி உள்ளே வைப்பது நம் பக்கம் வழக்கம். அதன் ஓரம் நாளடைவில் டியூபை அறுக்கும், ஓரத்தைச் சீவாமல் வைக்காதீர்கள்.

அடுத்த முறை பஞ்சர் ஒட்டும்போது டயரின் உட்புறம் முழுக்க ஒரு துணியை ஓட்டிப் பாருங்கள். ஒடிந்து நிற்கும் முள் துணியில் மாட்டும். அதை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டுவதால்தான் பல வண்டிகள் மறுநாளே மறுபடி பஞ்சராகின்றன.