அம்மாவின் தாகத்துக்குக் காரணம் உப்பு

கேள்வி: 68 வயதான என் அம்மா மார்த்தாண்டம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். சிறுநீரகம் வேலை செய்யாததால் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் (இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்து, உடம்பில் தேங்கிய நீரை எடுப்பது). ஒவ்வொரு முறையும் மூன்றரை, நான்கு கிலோ எடை கூடிப் போகிறார். நீரை எடுக்கும்போது கால் பிடித்திழுத்துத் துடிக்கிறார். இப்போது இல்லத்தில் தண்ணீர் பாட்டிலையே எடுத்துவிட்டார்கள். போனில் அழுகிறார். என்ன செய்வது?
— ஒரு மகள், தக்கலை

பதில்: சகோதரி, அந்தப் பாட்டிலை முதலில் அம்மாவிடமே கொடுக்கச் சொல்லுங்கள். தாகம் தாங்காதவர் பக்கத்துக் கட்டிலிலோ குழாயடியிலோ எப்படியும் குடித்துவிடுவார். அது யார் கணக்கிலும் வராது.

தாகத்தைக் கிளப்புவது உப்பு. உடம்பில் 8 கிராம் உப்பு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் கேட்கும்; அது ஒரு கிலோ எடை. நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு சின்ன தேக்கரண்டிக்கு மேல் உப்பு கூடாது. நம் மாவட்டத்தில் கஞ்சிக்குக் கருவாடும் ஊறுகாயும் பப்படமும் இல்லாமல் முடியுமா? இல்லத்தில் எல்லோருக்கும் ஒரே குழம்பு வேறு. உப்புப் போடுமுன் அம்மாவின் பங்கைத் தனியே எடுத்துவைக்கக் கேளுங்கள். புளி, மிளகு, இஞ்சி ருசி கொடுக்கும். இந்துப்பும் உப்புதான். சோடியம் குறைவு என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். அது இதயத்துக்கே ஆபத்து. பார்க்க வரும் சொந்தக்காரர்கள் அன்போடு கொண்டுவரும் இளநீரும் நேந்திரம்பழமும் அப்படித்தான்.

குடிக்கும் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒரு நாளில் போகும் சிறுநீரின் அளவோடு 500 மில்லி என்பது பொதுக்கணக்கு. அந்த அளவைக் காலையிலேயே பாட்டிலில் ஊற்றி அம்மா கையில் கொடுக்கட்டும். சாயா, மோர், ரசம், கஞ்சித்தண்ணி எதைக் குடித்தாலும் அதே அளவு நீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிட வேண்டும். மாத்திரைகளைச் சாப்பாட்டோடு விழுங்கினால் தனியாகத் தண்ணீர் செலவாகாது. வாய் வறண்டால் கொப்பளித்துத் துப்பலாம். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் பாருங்கள், சர்க்கரை ஏறினாலும் தாகம் எடுக்கும்.

நீரெல்லாம் எடுத்தபின் அம்மாவின் சரியான எடை எவ்வளவு என்று டயாலிசிஸ் நர்ஸிடம் கேட்டு, இல்லத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அது 50 கிலோ என்றால், இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் இரண்டு கிலோவுக்குள் கூடுவது நல்லது. தினமும் காலையில் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கட்டும்.

இரவுப் பணியாளரிடம் ஒன்றை நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள்: அம்மா படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினால், அடுத்த டயாலிசிஸ் நாள்வரை பொறுக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.