நரைத்த தேக்கு பெஞ்சும் துருப்பிடித்த இரும்பு மேசையும்

கேள்வி: எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நான்கு ஆண்டுகளாக ஒரு தேக்கு பெஞ்ச், ஓர் இரும்பு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடக்கின்றன. பெஞ்ச் சாம்பல் நிறமாகிவிட்டது. நிழல் விழும் பக்கத்தில் பச்சைப்பாசி வேறு. மேசைக் கால்களில் துரு. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் உடையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. தச்சர் பெஞ்சுக்கு வார்னிஷ் அடிக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கார் கழுவும் பிரஷர் வாஷரை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு, இரண்டையும் செய்யாமல் விடுங்கள். வெளியே கிடக்கும் சாமான்களை அழுக்கு அவ்வளவாகக் கெடுப்பதில்லை. போக வழியில்லாமல் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் கெடுக்கிறது. அதற்கு அடுத்த எதிரி, ஆர்வக் கோளாறில் நாம் செய்யும் சுத்தம்.

முதலில் பெஞ்ச். தேக்கு நரைப்பது நோய் இல்லை. மரத்தின் நார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. மேலே மிஞ்சும் வெளுத்த நார்தான் சாம்பலாகத் தெரிகிறது. இது காகிதக் கனத்துக்குத்தான் இருக்கும். யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்தில் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள், உள்ளே பழைய தேன் நிறம் அப்படியே இருக்கும். வைரம் பாய்ந்த தேக்கில் இயற்கையிலேயே எண்ணெய் உண்டு. பூச்சு எதுவும் இல்லாமலே பல பத்தாண்டுகள் தாங்கும். நரைத்த நிறம் உங்களுக்குப் பிடித்திருந்தால் கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் நரைத்த தேக்குதான் தோட்டத்துக்கு அழகு.

வார்னிஷ் ஏன் வேண்டாம்? அது மரத்தின் மேல் ஒரு தோல் மாதிரி உட்காரும். வெயிலில் மரம் சுருங்கும், மழையில் உப்பும். அந்தத் தோல் அவ்வளவுக்கு வளைந்துகொடுக்காது. மயிரிழை விரிசல் ஒன்று விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும், வெளியே வர வழியிருக்காது. பிறகு கருத்த திட்டுகள், உரியும் பொருக்குகள். அதைச் சரிசெய்ய மொத்தத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒரு வார இறுதி போதாது.

பிரஷர் வாஷர் இன்னும் மோசம். மரத்தில் கெட்டியான கோடும் மெதுவான கோடும் மாறி மாறி இருக்கும். அழுத்தமான தண்ணீர் மெதுவான பகுதியை அரித்தெடுத்துவிடும். கழுவும்போது பளிச்சென்றுதான் தெரியும். காய்ந்த பிறகு கையால் தடவினால் உழுத நிலம் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும், அந்தப் பள்ளங்களில் அடுத்த மழைக்குப் பாசி சுகமாகக் குடியேறும்.

ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி பாத்திரம் கழுவும் திரவம், ஒரு மெதுவான நைலான் பிரஷ். இது போதும். முதலில் மரத்தை நன்றாக நனைத்துவிட்டு, மர ரேகைக்கு, அதாவது மரத்தில் ஓடும் அந்தக் கோடுகளுக்கு, குறுக்காக லேசாகத் தேயுங்கள். படகுகளின் தேக்குத் தளத்தைப் பராமரிப்பவர்கள் இப்படித்தான் தேய்ப்பார்கள். ரேகையோடு போனால் பிரஷ் மெதுவான நாரைக் கிள்ளிக்கொண்டு வந்துவிடும். கழுவியபின் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். பாசி போன பிறகும் கரும்புள்ளி இருந்தால் வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து துடைக்கலாம். ஆனால் அதே வாளியில், அதே நாளில் ப்ளீச்சை எடுக்கவே கூடாது. வினிகரும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆபத்து. ப்ளீச் மரத்துக்கும் நல்லதில்லை.

பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை மரத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இந்தப் பாடத்தை நான் சொந்தச் செலவில் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தேக்கு நாற்காலியைக் கம்பி நார் போட்டு மெருகாகத் தேய்த்து வைத்தேன். முதல் மழை பெய்த மறுநாள் பார்த்தால், இருக்கை முழுக்க மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளி. நாரிலிருந்து உடைந்து மரத்தில் தங்கிய இரும்புத் துணுக்குகள் தண்ணீர் பட்டதும் மரத்திலிருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுத்துவிட்டன. அந்தக் கறையைக் கடைசியில் ஆக்சாலிக் அமிலக் கரைசல்தான் எடுத்தது. அது விஷம். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது, குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

இல்லை, தேன் நிறம்தான் வேண்டும் என்றால், நன்றாகக் காய்ந்த மரத்தை 120 எண் உப்புத்தாளால் இம்முறை ரேகையோடு தேய்த்து, வெளிப்புறத் தேக்குக்கென்று விற்கும் சீலர் என்ற காப்புப் பூச்சை மெல்லியதாகத் தடவுங்கள். ஆண்டுதோறும் இந்த வேலை இருக்கும் என்று தெரிந்தே இறங்குங்கள். ‘தேக்கு எண்ணெய்’ என்று டப்பாவில் வருவது தேக்கிலிருந்து எடுத்தது அல்ல. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய் போன்ற ஏதோ ஒன்றும் கரைப்பானும் சேர்ந்த கலவை. ஈரமான இடத்தில் பூஞ்சணத்துக்கு அது தீனி. அதைவிட முக்கியம், அந்த எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பற்றும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

இனி இரும்பு மேசை. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மேலே உள்ள பெயிண்ட் கடுகளவு கொப்புளமாக உப்பித் தூக்குகிறது. அந்தக் கொப்புளத்தின் மேலேயே புது பெயிண்ட் அடிப்பது புண்ணுக்குப் பவுடர் போடுவது போலத்தான். கம்பி பிரஷால் பொருக்கை உதிர்த்து, 80 எண் உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, 120 எண்ணால் சுற்றியுள்ள பெயிண்டின் விளிம்பைச் சரிவாக்குங்கள். தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அன்றைக்கே ப்ரைமர் அடித்துவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஈரக்காற்றில் ஓர் இரவுக்குள் மறுபடி செம்பழுப்பு படிந்துவிடும். ப்ரைமர் காய்ந்ததும் எனாமல் இரண்டு கோட், மெல்லியதாக. வெல்டிங் வைத்த மூலைகளையும் மேசையின் அடிப்பக்கத்தையும் விடாதீர்கள். துரு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

உங்கள் மேசைக் கால் குழாயா, கெட்டிக் கம்பியா என்று பாருங்கள். குழாய் என்றால் ஸ்க்ரூடிரைவர் பிடியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் ஓசை மந்தமானால் அங்கே உள்ளுக்குள் தண்ணீரோ துருக்குப்பையோ நிற்கிறது. காலடியில் மாட்டிய பிளாஸ்டிக் மூடிதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். அதைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டு, மூடியில் சிறு துளை போட்டு மாட்டுங்கள். தட்டும்போது தகடு உள்வாங்கினால் பெயிண்ட் செலவு வீண், வெல்டரிடம் போங்கள்.

பெஞ்சுக்கும் கால்தான் பலவீனம். மரக்காலின் வெட்டுமுகம் உறிஞ்சுகுழல் மாதிரி ஈரத்தை இழுக்கும். மண்ணிலோ புல்லிலோ நேராக நிற்கவிடாமல் தட்டையான கல்லோ ஓட்டுத் துண்டோ கொடுங்கள். பெஞ்சைச் சாய்த்து வைத்திருக்கும்போதே போல்ட்டுகளையும் ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள்.

மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே வியர்த்து, திறந்து கிடப்பதைவிட வேகமாகப் பூஞ்சணம் பிடிக்கும். உறை வேண்டுமென்றால் அடியில் ஒரு சாண் திறந்திருக்கும்படி தொங்கவிடுங்கள்.

நாற்காலிகளின் வெள்ளைப் பொடி அழுக்கு அல்ல, வெயிலில் சிதைந்த பிளாஸ்டிக். கழுவினால் போகும், திரும்ப வரும். பொடி வரும் அளவுக்குப் போன நாற்காலி உள்ளேயும் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். முன்னறிவிப்பு இல்லாமல் கால் ஒடியும். கவிழ்த்து வைத்து, காலும் இருக்கையும் சேரும் இடத்தைக் கையால் நன்றாக அழுத்திப் பாருங்கள். வெள்ளைக் கோடோ விரிசலோ தெரிந்தால் அதைப் பூந்தொட்டி வைக்கக்கூட நம்ப வேண்டாம். ஒன்றில் தெரிந்தால் நான்கையுமே மாற்றிவிடுங்கள். நான்கும் ஒரே வயது, ஒரே வெயில் தின்றவை.