எழுவான்கரையிலிருந்து இலங்கைப் படம்: புவியியல் கேள்வி – பதில்

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சில இவை. குடித்தொகை, தேசியச் சின்னங்கள், இடவிளக்கப் படம் என்று பல பக்கம் போகின்றன. கேட்டவர்கள் எல்லோரும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் என்பதால் உதாரணங்களையும் இங்கேயிருந்தே எடுத்திருக்கிறேன்.

சேர், மட்டக்களப்பு மாவட்டக் குடித்தொகை வளர்ச்சியை வரைபில் காட்டச் சொல்லி ஒப்படை தந்திருக்கிறார்கள். 1981க்கும் 2012க்கும் நடுவில் எண்ணே கிடைக்கவில்லை. நான் தேடினது பிழையா? (மாணவி, களுவாஞ்சிக்குடி)

பிழையில்லை பிள்ளை. நடுவில் முழுமையான குடிசன மதிப்பு எண் என்று ஒன்று இல்லை. இலங்கையில் முதல் குடிசன மதிப்பு 1871இல் நடந்தது. அன்றைக்கு முழு நாட்டிலும் சுமார் 24 இலட்சம் பேர். பத்து வருடத்துக்கு ஒருமுறை எண்ணுவது என்ற வழமை யுத்தத்தோடு முறிந்தது. 1981க்குப் பிறகு 2001இல்தான் அடுத்த கணக்கெடுப்பு. அதுவும் 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையாக முடிந்தது. அம்பாறை அந்தப் பதினெட்டுக்குள் வருகிறது, மட்டக்களப்பு வரவில்லை. பக்கத்துப் பக்கத்து மாவட்டம், ஆனால் ஒன்றுக்கு எண் இருக்கிறது, மற்றதற்கு இல்லை. 2012இல்தான் நாடு முழுவதையும் திரும்ப எண்ண முடிந்தது: மட்டக்களப்பு 526,567, அம்பாறை 649,402.

ஆகவே வரைபில் 1981ஐயும் 2012ஐயும் புள்ளியாக வையுங்கள். இரண்டையும் முழுக்கோட்டால் இணைக்க வேண்டாம். முழுக்கோடு போட்டால் சனத்தொகை வருடாவருடம் ஒரே சீராகக் கூடியது என்று ஆகிவிடும். அந்த 31 வருடத்துக்குள் இடப்பெயர்வும், உயிரிழப்பும், வெளிநாடு போனவர்களும், 2004 சுனாமியும் இருக்கின்றன. முறிகோடு போட்டு, கீழே “இடையில் முழுமையான குடிசன மதிப்பு நடைபெறவில்லை” என்று ஒரு வரி எழுதுங்கள். உங்கள் ஒப்படையில் மிகப் பெறுமதியான வரி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மட்டக்களப்பின் குடித்தொகை அடர்த்தியை ஒரு புத்தகத்தில் 185 என்றும் இன்னொன்றில் 202 என்றும் பார்த்தேன். எது சரி? (தகப்பன், வாழைச்சேனை)

இரண்டும் 2012 எண்ணிலிருந்து வருகிறவைதான். மாவட்டத்தின் மொத்தப் பரப்பு 2,854 சதுர கிலோமீற்றர். அதில் வாவியும் குளங்களும் அடக்கம். அவற்றைக் கழித்தால் நிலம் 2,610. மொத்தப் பரப்பால் பிரித்தால் சதுர கிலோமீற்றருக்கு 185 பேர், நிலத்தால் பிரித்தால் 202. தண்ணீரில் குடியிருக்கிறவர் இல்லை என்பதால் நான் நிலப்பரப்பைத்தான் எடுப்பேன். எதை எடுத்தாலும் அதைப் பிள்ளை எழுதிக் காட்ட வேண்டும். நாட்டின் 2012ஆம் ஆண்டுச் சராசரியான 325ஐயும் நிலப்பரப்பால்தான் பிரித்திருக்கிறார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 202 என்பது எந்த ஊரின் நிலைமையும் அல்ல. காத்தான்குடியில் வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கும், வாகரைப் பக்கம் போனால் காடும் வெளியும்தான். மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறம் தீட்டினால் இந்த வித்தியாசம் மறைந்துபோகும். 14 பிரதேச செயலாளர் பிரிவுகளையும் தனித்தனியாகத் தீட்டச் சொல்லுங்கள். எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே, கடலோரப் பக்கம்) கடும் நிறத்திலும் படுவான்கரை (வாவிக்கு மேற்கே, உள்பக்கம்) வெளிர் நிறத்திலும் வரும்போது சனம் ஏன் கடலோரத்தில் நெருக்குகிறது என்ற கேள்வி பிள்ளைக்குத் தானாக வரும்.

உம்மம்மாவின் பிறப்புச் சான்றிதழில் ஊர் அக்கரைப்பற்று, மாவட்டம் மட்டக்களப்பு என்று இருக்கிறது. எழுத்துப் பிழையா? (அக்கரைப்பற்று)

இல்லை. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். பழைய குடிசன மதிப்பு எண்களைப் பார்க்கும்போதும் இதை மறக்காதீர்கள். 1953இன் மட்டக்களப்பை 2012இன் மட்டக்களப்போடு ஒப்பிட முடியாது, இன்றைய இரண்டு மாவட்டங்களையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

படத்தில் வாவியின் முகத்துவாரம் திறந்திருக்கிறது. நான் போய்ப் பார்த்தபோது மணல் மூடியிருந்தது. படம் பழசா? (மாணவன், மட்டக்களப்பு)

போய்ப் பார்த்தீர்களே தம்பி, அதற்கே பாராட்டு. கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். மாரியில் வெள்ளம் அதை உடைக்கும், அல்லது படுவான்கரை வயல் மூழ்கிவிடும் என்று பயந்து வெட்டிவிடுவார்கள். வாவி கடலோடு சேரும் பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் இதே கதைதான். படம் வரைகிறவர் ஏதாவது ஒரு நிலையைத்தான் வரைய முடியும். படத்தின் ஓரத்தில் அளவை செய்த வருடம் இருக்கும், முதலில் அதை வாசியுங்கள்.

தேசியக் கொடி வரையும்போது பிள்ளைகள் அதிகம் விடும் பிழை எது? (ஆசிரியை, செங்கலடி)

நிறப்பட்டைகளின் ஒழுங்கு. கம்பத்தை ஒட்டி முதலில் பச்சை, அடுத்தது செம்மஞ்சள். பச்சை முஸ்லிம்களையும் செம்மஞ்சள் தமிழர்களையும் குறிக்கும். இரண்டும் 1951இல் சேர்ந்தவை. சிங்கம் அந்தப் பட்டைகளைப் பார்த்தபடி நிற்கும், வாள் வலது முன்காலில். மூலைகளில் உள்ள நான்கு அரச இலைகள் 1972இல் வந்தவை, 1948 கொடியில் அவற்றை வரையக் கூடாது.

இலங்கையில் சூரியன் முதலில் எங்கள் பக்கம்தான் உதிக்கும் என்கிறார்கள். எவ்வளவு நேர வித்தியாசம்? (திருக்கோவில்)

நாட்டின் கிழக்கு அந்தம் உங்கள் மாவட்டத்தில்தான், பொத்துவிலுக்கு வடக்கே சங்கமன்கண்டி முனை. கொழும்புக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 2 பாகை நெடுங்கோடு. ஒரு பாகைக்கு 4 நிமிடம், ஆகவே சுமார் 8 நிமிடம் முந்தி. அகலக்கோடும் மலையும் அதைக் கொஞ்சம் மாற்றும், ஆனால் பரீட்சைக்கு இந்தக் கணக்குப் போதும்.

1:50,000 படத்தைப் போட்டோக்கொப்பியில் பெருப்பித்து அளந்தேன். தூரம் பிழையாக வருகிறது. (மாணவன், கல்முனை)

மூலப்படத்தில் 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். இரண்டு மடங்கு பெருப்பித்தால் அதே கிலோமீற்றர் 4 சென்ரிமீற்றராக நீளும். ஆனால் கீழே 1:50,000 என்ற எழுத்து அப்படியே நிற்கும். 8 சென்ரிமீற்றர் அளந்துவிட்டு 4 கிலோமீற்றர் என்று எழுதியிருப்பீர்கள், உண்மையில் அது 2. கைபேசித் திரையில் விரித்துப் பார்க்கும்போதும் இதேதான். அளவுத்திட்டத்தை எண்ணில் நம்பாமல், படத்தின் அடியில் உள்ள நேர்கோட்டு அளவுத்திட்டத்தைப் பாருங்கள். அது படத்தோடு சேர்ந்தே பெருக்கும். கடதாசித் துண்டின் ஓரத்தில் தூரத்தைக் குறித்து, அந்தக் கோட்டின் மேல் வைத்து வாசியுங்கள். போட்டோக்கொப்பி எடுக்கும்போது அந்தக் கோடு வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.