கிருமி எனக்கு இருக்கிறது, கணவருக்கு இல்லையா?

கேள்வி: வயது 36. மன்னார்குடி பக்கத்துக் கிராமம். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை வருவார். எனக்குப் பல மாதங்களாக வெள்ளைப்படுகிறது. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து, நாற்றத்தோடு வருகிறது. லேபில் 'டிரைக்கோமோனாஸ்' என்றார்கள். மெடிக்கலில் மாத்திரை வாங்கி இரண்டு நாள் போட்டேன், குமட்டியதால் விட்டுவிட்டேன். கணவரின் சிறுநீரைச் சோதித்ததில் ஒன்றும் இல்லை. "எனக்கு இல்லாதது உனக்கு எப்படி வந்தது?" என்கிறார். குளத்தில் குளித்ததால் வந்திருக்குமா? இதில் பல மரபணு வகைகள் உண்டு, சில மருந்துக்கே கட்டுப்படாது என்று இணையத்தில் படித்தேன். வகையைச் சோதித்தால் யாரிடமிருந்து வந்தது என்று தெரியுமா? சில சமயம் உறவுக்குப் பின் லேசாக ரத்தமும் படுகிறது.

பதில்: உங்கள் கணவருக்கு ஒன்றும் இல்லை என்று அந்தச் சிறுநீர் ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. இந்தக் கிருமி தொற்றிய ஆண்களில் பெரும்பாலோருக்கு எரிச்சலோ கசிவோ எதுவுமே இருக்காது. சாதாரண நுண்ணோக்கியில் பார்க்கும்போது, பேரிக்காய் வடிவில் சாட்டை போன்ற இழைகளை அடித்துக்கொண்டு துடித்து ஓடுவதை வைத்துத்தான் இதை அடையாளம் காண்கிறோம். மாதிரி எடுத்துச் சிறிது நேரம் ஆனாலே அந்த ஓட்டம் நின்றுவிடும். நின்றுவிட்டால் வெள்ளணுவுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. பெண்களிடமே 100 பேரில் 30-க்கு மேற்பட்டவர்களை இந்தச் சோதனை நழுவவிடுகிறது. ஆண்களின் சிறுநீரில் இன்னும் மோசம். அதனால்தான் மனைவிக்கு உறுதியானால், கணவரின் ரிப்போர்ட் எப்படி இருந்தாலும் இருவருக்கும் சேர்த்தே மருந்து கொடுக்கிறோம்.

பெண்ணுக்கு அறிகுறி தெரிகிறது, அவள்தான் சோதனைக்குப் போகிறாள், ரிப்போர்ட்டும் அவள் பெயரில் வருகிறது. உடனே பழியும் அவள் மேல் விழுகிறது. இது பெரிய அநியாயம். சிகிச்சை இல்லாமல் பெண்ணின் உடலில் இந்தக் கிருமி மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூடத் தங்கும். பலருக்கு அறிகுறியே இல்லாமல் தங்கும். உறவு மூலம்தான் பரவுகிறது என்பது உண்மை. ஆனால் எப்போது வந்தது, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று எந்த லேபும் சொல்ல முடியாது. இந்தப் பதிலை அப்படியே அவரிடம் படிக்கக் கொடுங்கள். 2020-ல் மட்டும் உலகில் 15 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிதாக இது வந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவ்வளவு சாதாரணமான தொற்று இது.

மரபணு வகை பற்றிக் கேட்டீர்கள். பல நாட்டு மாதிரிகளைச் சோதித்ததில் இரண்டு பெரும் வகைகள் தெரிந்தன. மருந்தை எதிர்க்கும் தன்மை இரண்டாம் வகையில் சற்று அதிகம். அது ஆராய்ச்சியாளர்களுக்கான விஷயம். உங்கள் சிகிச்சையை அது மாற்றாது, குடும்பத் தகராறையும் தீர்க்காது. இருவருக்கும் ஒரே வகை இருந்தாலும் யார் முதலில் என்று தெரியாது. நோய் திரும்பி வந்தால் மருந்து கேட்காத வகையோ என்று பயப்படுகிறார்கள். நான் பார்ப்பதில் பெரும்பாலும் காரணம் வேறு: கணவர் மாத்திரை போட்டிருக்க மாட்டார், அல்லது மனைவி பாதியில் நிறுத்தியிருப்பார். நீங்கள் செய்ததும் அதுதான். மெடிக்கலில் கேட்டு வாங்கி இரண்டு நாளில் விடுவதற்குப் பெயர் சிகிச்சையா? இதற்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரை வாயில் இரும்பு நக்கியதுபோல் ஒரு கசப்பைத் தரும், குமட்டும். சாப்பிட்ட பின் போடுங்கள், மருத்துவர் சொன்ன நாள் முழுக்கப் போடுங்கள். இருவரும் முடித்து ஒரு வாரம் வரை உறவு வேண்டாம். மூன்று மாதம் கழித்து நீங்கள் மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களைப் பார்க்கும் சுகவாழ்வு மையத்தில் இந்தச் சிகிச்சை இலவசம், ரகசியமும் காக்கப்படும். இருவரும் எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனையும் செய்துவிடுங்கள். இந்தத் தொற்றால் உள்ளே புண்பட்டிருக்கும்போது எச்.ஐ.வி. எளிதாகத் தொற்றும். குளத்து நீரை மறந்துவிடுங்கள், அதில் வரவில்லை. டெட்டால் ஊற்றி உள்ளே கழுவும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

சரி, கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். அதைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். உறவுக்குப் பின் ரத்தம் படுவது இந்தத் தொற்றாலும் நடக்கும், கர்ப்பப்பை வாய் சிவந்து புள்ளி புள்ளியாகப் புண்பட்டிருக்கும். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதே ரத்தம்தான். கண்ணால் பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது. நாற்றமும் அரிப்பும் மாத்திரையில் போன பிறகும் ஒரு சொட்டு பட்டால்கூட அலட்சியம் கூடாது. அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. மாறுதல் உள்ள இடம் வெளுத்துத் தெரியும், சில நிமிட வேலை. இந்த வாரமே போங்கள். நடவு முடியட்டும் என்று தள்ள வேண்டாம். அங்கே போய் "சோதனைக்கு வந்தேன்" என்று மட்டும் வரிசையில் நிற்காதீர்கள். "உறவுக்குப் பின் ரத்தம் படுகிறது" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்போதுதான் அவர் வெறும் ஸ்கிரீனிங்கோடு விடாமல், தேவைப்பட்டால் தசை எடுத்துச் சோதிக்கவும் ஏற்பாடு செய்வார்.