அதே கார்டு, அதே கட்டணம்

கேள்வி: சென்சூரியன் ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டு சாண்ட்டனுக்கு வேலைக்குப் போகிறேன். ஒருநாள் மட்டும் பார்க்கிங் கட்டணம் தாறுமாறாக ஏறிவிட்டது. ஏன்?
– வாசகி, லாடியம்

பதில்: அன்றைக்குக் கார்டு மாறியிருக்கும், அம்மா. காவ்ட்ரெயின் (தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்–பிரிட்டோரியா விரைவு ரயில்) பார்க்கிங்கில் சலுகை ரயில் பயணிக்குத்தான். வண்டியை மட்டும் நிறுத்துகிறவருக்குக் கட்டணம் பல மடங்கு. பார்க்கிங் நுழைவில் தட்டிய கார்டையே ரயில் கேட்டிலும் தட்டுங்கள், அப்போதுதான் ரயிலில் போனவர் என்று கணக்காகும். கைப்பையில் எல்லாக் கார்டும் ஒன்றாகக் கிடந்தால் கை தவறத்தான் செய்யும். என் மகள் ரயில் கார்டின் மூலையில் சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்திருக்கிறாள், நல்ல யோசனை.

அப்புறம், டர்பன் காவடித் திருவிழாவுக்கு விமானத்தில் போவதானால் காரை சென்சூரியனிலேயே விடுங்கள். ஓ.ஆர். தாம்போ விமான நிலையத்தில் உள்ள ரயில் நிலையத்தில் காவ்ட்ரெயினுக்கென்று பார்க்கிங் கிடையாது. மார்ல்பரோவில் இறங்கி விமான நிலைய ரயிலுக்கு மாறுங்கள்.