விரல் தெரிகிற வீடியோ எது?

கேள்வி: பல வருடங்களாகப் பென்சிலிலும் வாட்டர்கலரிலும் வரைகிறேன். காற்றின் விசையில் வண்ணத்தைத் தூவி வரையும் ஏர்பிரஷ் ஓவியம் கற்கும் ஆசையில் டூயல் ஆக்‌ஷன் ஏர்பிரஷ் ஒன்றும் சின்ன கம்ப்ரசரும் வாங்கினேன். கையிலிருந்த பணம் அதோடு தீர்ந்தது. பெயர் பெற்ற ஓவியர்களின் வீடியோ வகுப்புகள் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. இலவச வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன, ஆனால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கிறார். பழைய டிவிடி தொகுப்பு ஒன்றை நகலெடுத்து மலிவாகத் தருவதாக ஒரு நண்பர் சொல்கிறார். வாங்கலாமா? குறைந்த செலவில் ஒழுங்காகக் கற்க வழி உண்டா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நகல் டிவிடியை முதலில் பேசி முடித்துவிடுவோம். வேண்டாம். இந்தப் பாடங்களை விற்பவர்களில் பலர் தனி ஆட்கள், தாங்களே கேமராவை வைத்துப் பதிவு செய்தவர்கள். நியாயம் ஒருபக்கம் இருக்கட்டும், பாடத்தோடு வரும் மாதிரிப் படமும் கோட்டுச் சித்திரமும் நகலில் பெரும்பாலும் இருக்காது. அவை இல்லாமல் பாதிப் பாடம்தான் கைக்கு வரும்.

அசல் டிவிடி செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் அது வேறு கதை. பழசு என்று தயங்க வேண்டாம். சார்ல்ஸ் பர்டிக் 1892-ல் காப்புரிமை வாங்கிய கருவியிலேயே நடுவில் ஊசி, உள்ளே காற்றும் வண்ணமும் கலப்பது என்ற அடிப்படை வந்துவிட்டது. இன்று உங்கள் கையில் இருப்பதும் அதன் வழிவந்ததுதான். இருபது வருடத்துக்கு முந்தைய பாடத்தில் வண்ணத்தின் பிராண்டு பழசாகியிருக்கலாம், விரல் அசைவு பழசாகாது. பார்வையாளர் ஓடிவிடுவாரோ என்ற பயம் அந்தக் காலத்து ஆசிரியர்களுக்கு இல்லை என்பதால் நிதானமாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வாங்குமுன் டிவிடியின் ரீஜன் எண் (எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று குறிக்கும் எண்) உங்கள் பிளேயருக்குப் பொருந்துமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இலவச வீடியோக்களுக்கு வருவோம். முதல் சில மாதங்களுக்கு உங்களுக்கு அவையே போதும் என்பது என் கருத்து. அந்தக் கட்டத்தில் கற்க வேண்டியது ஏறத்தாழ ஒன்றே ஒன்று, ட்ரிகர் எனப்படும் விரல் விசை. கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம். தொடங்கும்போது காற்று முதலில். முடிக்கும்போது ட்ரிகரை முன்னால் தள்ளி வண்ணத்தை நிறுத்திவிட்டு, அப்புறம்தான் காற்றை நிறுத்த வேண்டும். காற்றை முதலில் நிறுத்தினால் ஊசி முனையில் வண்ணம் தங்கி, அடுத்த கோட்டின் தொடக்கத்தில் பொட்டென்று துப்பும். புதியவர்கள் கருவி சரியில்லை என்று புலம்புவதில் பாதி இதுதான். புள்ளி, கோடு, தடிப்பாகத் தொடங்கிக் கூராக முடியும் டேகர் ஸ்ட்ரோக், அடர்விலிருந்து வெளிறிப் போகும் படிநிலை ஆகிய நான்கையும் சொல்லித்தர யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

எந்த இலவச வீடியோ என்பதுதான் சிக்கல். நான் வைத்திருக்கும் சோதனை எளிது: ட்ரிகரில் இருக்கும் விரல் கண்ணுக்குத் தெரிகிறதா? பல வருடங்களுக்கு முன் நான் காசு கொடுத்து வாங்கிய முதல் வகுப்பில் கேமரா நேர் மேலே இருந்தது. மணிக்கணக்கில் ஓவியரின் புறங்கையைப் பார்த்தேன். அழகான புலி ஒன்று தானாக உருவானது, அது எப்படி உருவானது என்று இன்றுவரை தெரியாது. வேகமாக ஓட்டிக் காட்டும் வீடியோக்களும் இந்த ரகம்தான். ரசிக்கலாம், கற்க முடியாது.

விரல் தெரிந்துவிட்டால் அடுத்ததாகக் காதைத் தீட்டுங்கள். வண்ணம் வெளிவரும் முனைத்துளையான நாசில் எத்தனை மில்லிமீட்டர், வண்ணத்தில் எவ்வளவு நீர்ப்பு, காற்றழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு), தாளிலிருந்து எவ்வளவு தூரம் என்ற நான்கையும் சொல்கிறாரா? ஒருவர் 15 பிஎஸ்ஐ என்கிறார், இன்னொருவர் 40 என்கிறார் என்றுதானே குழம்புகிறீர்கள்? இருவரும் சரியாகவே சொல்லியிருக்கலாம். 0.2 நாசிலில் மை போல நீர்த்த வண்ணத்தை வைத்துத் தாளுக்கு மிக அருகில் முடி வரைபவருக்குக் குறைந்த அழுத்தம் போதும். 0.5 நாசிலில் கெட்டியான துணி வண்ணத்தை அடிப்பவருக்கு அது காணாது. இன்னொரு விஷயத்தை நிறையப் பேர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ட்ரிகரை அழுத்திக் காற்று ஓடும்போது அழுத்தம் காட்டும் கேஜில் முள் இறங்கும். அழுத்தாதபோது பார்த்த எண்ணை ஒருவர் சொல்கிறார், அழுத்தியபோது பார்த்ததை மற்றவர் சொல்கிறார். கருவி ஒன்றாக இருந்தாலும் எண் இரண்டாகிவிடுகிறது.

அதனால் உங்கள் நாசிலுக்கும் உங்கள் வண்ணத்துக்கும் நெருங்கிய அமைப்பில் வேலை செய்யும் ஒரே ஒரு ஆசிரியரைத் தேர்ந்து, ஒரு மாதம் அவரை மட்டும் பாருங்கள். பத்துப் பேரைப் பார்த்தால் பத்துப் பேரின் எண்களும் தலைக்குள் சண்டை போடும்.

தேடும் விதத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். 'ஏர்பிரஷ் கற்பது எப்படி' என்று தேடினால் மின்னும் முகப்புப் படங்கள்தான் வந்து நிற்கும். உங்கள் கோளாறின் பெயரைத் தேடுங்கள். ஊசி முனையில் வண்ணம் காய்ந்து அடைப்பது 'டிப் டிரை'. வண்ணம் தாளில் தெறித்துச் சிலந்திக் கால் போல ஓடுவது 'ஸ்பைடரிங்'. கையை நகர்த்தாமல் மிக அருகில் வைத்து அதிக வண்ணம் விட்டால் வரும். வண்ணம் ஊற்றும் கப்பில் குமிழி வந்தால் காற்று பின்னோக்கிப் போகிறது, நாசில் அடைத்திருக்கும் அல்லது சரியாக இறுகியிருக்காது. இந்தச் சொற்களை ஆங்கிலத்திலேயே தட்டினால், கடை விரிக்காமல் நேராக விஷயத்துக்கு வரும் சின்ன வீடியோக்கள் கிடைக்கும்.

இவட்டா, பேட்ஜர், ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் போன்ற தயாரிப்பாளர்களும் வீடியோக்கள் வெளியிடுகிறார்கள். கருவியைப் பிரித்துக் கழுவிப் பூட்டுவதை அவர்களிடமே பாருங்கள், எதை வாங்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் மட்டும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். ஓவியர்கள் எட்டிப் பார்க்காத இன்னொரு இடம், சின்ன விமானம், டாங்கி மாதிரிகளுக்கு வண்ணம் அடிக்கும் மாடல் பிரியர்களின் சேனல்கள். வண்ணத்தை நீர்ப்பதையும் கருவியைச் சுத்தம் செய்வதையும் அவர்கள் அளவுக்குப் பொறுமையாகச் சொல்பவர்களை நான் ஓவியர்களிடையே அதிகம் பார்த்ததில்லை.

காசு கொடுக்கும் காலமும் வரும். எப்போது என்றால், உங்களிடம் ஒரு குறிப்பான கேள்வி இருக்கும்போது. விலங்கின் மயிர், மனிதத் தோல், குரோம் பளபளப்பு, கறுப்புப் பரப்பில் தீ என்று எதையாவது முயன்று தோற்றபின் அதற்கென்று ஒரே ஒரு பாடம் வாங்குங்கள். கறுப்பின் மேல் வெள்ளையைப் புகைபோல அடித்தால் நீலம் தட்டும் என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். அது ஏன், எந்த ஒளிபுகும் வண்ணத்தை மேலே பூசி அதைத் திருத்துவது என்று பாட விவரத்திலேயே இருந்தால், அவர் உள்ளே இறங்கி வேலை செய்தவர் என்று நம்பலாம்.

ஆன்லைன் வகுப்புகள் விற்கும் யுடெமி போன்ற தளத்தில் பட்டியல் விலைக்கு எதையும் வாங்காதீர்கள், தள்ளுபடி அடிக்கடி வரும். முன்னோட்டமாகத் திறந்திருக்கும் பாடத்தில் விரல் சோதனையைச் செய்துவிடுங்கள். பெரும்பாலான வகுப்புகளுக்கு 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனாலும் விதியை முன்பே படியுங்கள். மாதச் சந்தாத் தளங்களில் பார்க்க வேண்டியதை முதலில் பட்டியல் போட்டுக்கொண்டு, ஓய்வு இருக்கும் மாதத்தில் சேர்ந்து, சேர்ந்த அன்றே ரத்து செய்யும் தேதியைப் போனில் குறித்துவிடுங்கள். ரசிகர்கள் மாதக் கட்டணம் கட்டிக் கலைஞர்களை ஆதரிக்கும் பேட்ரியான் தளத்தில் பாடம் நடத்தும் ஓவியர் என்றால், புது உறுப்பினர் பழைய பாடங்களையும் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். ஆம் என்றால் ஒரு மாதக் கட்டணத்தில் மொத்தத்தையும் பார்த்துவிடலாம். உறுப்பினர்களுக்கு ஆன்லைன் வகுப்புகளை இலவசமாகத் திறந்துவிடும் பொது நூலகங்களும் உண்டு. நீங்கள் உறுப்பினராக இருக்கும் நூலகத்தில் விசாரிக்க ஒரு நிமிடம் போதும்.

வீடியோவில் பலர் முகமூடி இல்லாமல் அடிப்பதைப் பார்ப்பீர்கள். அதை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள். நீரில் கரையும் வண்ணம் என்றாலும் காற்றில் மிதக்கும் துகள் நுரையீரலுக்குப் போகும். துகள் வடிகட்டும் முகமூடி போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். காட்மியம் கலந்த வண்ணத்தை ஏர்பிரஷில் அடிக்கவே கூடாது. டூ-கே எனப்படும் இரு பாகக் கிளியர் கோட்டில் (ஓவியத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) ஐசோசயனேட் என்ற ஆபத்தான வேதிப்பொருள் இருக்கிறது. அதற்குத் தனி அறையும் வெளியிலிருந்து காற்று தரும் கவசமும் வேண்டும், எனவே வீட்டில் வீடியோ பார்த்துச் செய்கிற வேலை இல்லை.

பார்க்கும்போது வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். இருபது நிமிடம் பார்த்தால் ஒரு மணி நேரமாவது அடித்துப் பழகுங்கள். முதல் நாட்களில் கப்பில் வண்ணத்துக்குப் பதில் நீர்த்த மையும், கீழே வேண்டாத தாளும் போதும். அப்புறம், உங்கள் விரலையே போனில் பதிவு செய்து ஆசிரியரின் விரலுக்குப் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். காற்றை முன்கூட்டியே நிறுத்துகிறீர்களா, ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கிறீர்களா என்பது உடனே தெரிந்துவிடும். கட்டண வகுப்பில் ஆசிரியர் உங்கள் கையைப் பார்ப்பதில்லை, இதில் நீங்களே பார்க்கிறீர்கள்.

நகல் டிவிடிக்கு ஒதுக்கிய பணம் இருக்கிறதே, அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து உங்கள் மாடலுக்கான மாற்று ஊசி ஒன்று வாங்கி வையுங்கள். கழுவும்போது ஊசி முனையை வளைக்காத புதியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. வளைந்ததை நிமிர்த்தக் கற்றுத்தரும் வீடியோவும் இலவசமாகவே கிடைக்கிறது.